வாபாஷ் நதிக்கரையில் வாத்தியார் ஆகிறவர்கள்

சிகாகோவின் மிச்சிகன் அவென்யூவில் ஒரு கலைக்கூடம் இருக்கிறது. வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள். தமிழ்நாட்டிலிருந்து அந்த ஊருக்குப் போகிறவர்கள் பலர் அந்தப் படிக்கட்டில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1893 செப்டம்பர் 11ஆம் தேதி விவேகானந்தர் பேசிய கட்டடம் அது. அளசிங்கப் பெருமாளும் அவருடைய சென்னை நண்பர்களும் வீடுவீடாகத் திரட்டிய பணமும், ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதியின் ஊக்கமும் அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தன. கட்டடத்துக்கு முன்னால் போகும் சாலைக்கு இன்று அவர் பெயரும் உண்டு.

அந்தப் பேச்சுக்கு ஆறு வாரம் முன்பு அதே கட்டடத்தில் வேறொரு கூட்டம் கூடியது. அதைப் பற்றிப் பேசுவார் குறைவு.

கொலம்பஸ் உலகக் கண்காட்சியை ஒட்டி நடந்த பொறியாளர் மாநாடு அது. ஜூலை 31 முதல் ஒரு வாரம். ஒரு பிரிவில் பறக்கும் எந்திரம் சாத்தியமா என்று வாதாடினார்கள். ரைட் சகோதரர்கள் பறக்க இன்னும் 10 ஆண்டுகள் இருந்தன. இன்னொரு பிரிவில் கூடியவர்கள் கல்லூரி ஆசிரியர்கள். பொறியியலை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் அவர்களுடைய கேள்வி. அதுவரை பொறியாளர் என்பவர் பட்டறையில் உருவாகிறவர். 1862இல் வந்த மோரில் சட்டம் மாநிலங்களுக்கு நிலம் கொடுத்துக் கல்லூரிகளைத் திறக்க வைத்தது. கல்லூரி வந்துவிட்டது, பாடம் எது என்பதில் ஒற்றுமை வரவில்லை. கணக்கு எவ்வளவு, உலைக்களம் எவ்வளவு, வரைபலகை எவ்வளவு? ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். இலினாய் பல்கலைக்கழகத்தின் ஐரா பேக்கர் அந்தப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். பேசிக் கலைந்துவிடாமல் ஒரு சங்கமாகவே தொடரலாம் என்று முடிவாயிற்று. பொறியியல் கல்வியை வளர்ப்பதற்கென்றே பிறந்த அந்தச் சங்கம் 1946இல் பெயர் மாறி, இன்று ஏ.எஸ்.இ.இ. என்று அழைக்கப்படும் அமெரிக்கப் பொறியியல் கல்விச் சங்கமாக இருக்கிறது. அது பிறந்தபோது நம் கிண்டி பொறியியல் கல்லூரிக்கு வயது 99. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது அது.

இந்தச் சங்கத்துக்குப் பல்கலைக்கழகங்களில் மாணவர் கிளைகள் உண்டு. அந்தக் கிளைகளின் வேலை விநோதமானது. கல்லூரிக்குள் கம்பெனிகளைக் கூட்டி வருவது அவற்றின் நோக்கமில்லை. படிக்கிற பிள்ளைகளில் யார் நாளைக்கு ஆசிரியராகலாம் என்று தேடி, அவர்களைத் தயார் செய்வதுதான் நோக்கம். அதைப் பார்க்க ஏற்ற ஊர் சிகாகோவிலிருந்து தெற்கே சுமார் 200 கிலோமீட்டரில் இருக்கிறது. பெயர் வெஸ்ட் லஃபாயெட். அங்கே இருப்பது பர்டூ பல்கலைக்கழகம்.

காரில் போனால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். மிச்சிகன் ஏரியின் தென்முனையைச் சுற்றும்போது கேரி நகரத்தின் இரும்பாலைகள் தெரியும். அங்கிருந்து 65ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே திரும்பினால் இண்டியானாவின் சமவெளி. கோடையில் இரண்டு பக்கமும் சோளக்கொல்லை, சோயாக்கொல்லை. தஞ்சாவூர்க்காரர்களுக்கு அந்தத் தட்டையான பூமி அந்நியமாகத் தோன்றாது. வரப்புதான் இல்லை. ரெமிங்டன் ஊரைத் தாண்டியதும் கைபேசிக் கடிகாரம் திடீரென்று ஒரு மணி நேரம் முன்னே ஓடிவிடும். ஒரே மாநிலத்துக்குள் இரண்டு நேரம். ஜாஸ்பர் மாவட்டத்துக்கும் ஒயிட் மாவட்டத்துக்கும் நடுவில்தான் அந்த எல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் பர்டூவில் ஒருவரைப் பார்க்க நேரம் குறித்தவர்கள் அதைத் தவறவிடக்கூடும். அதன் பிறகு காற்றாலைகள் தொடங்கும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் நிற்பதுபோலவே இங்கேயும் வெள்ளைக் கம்பங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கின்றன. ஆனால் பின்னணியில் மலை கிடையாது, வானம் மட்டும்தான்.

வாபாஷ் நதியின் கிழக்குக் கரையில் லஃபாயெட். மேற்குக் கரையில் மேடேறினால் செங்கல் கட்டடங்களாக எழும்புகிறது பர்டூ. 1869இல் அந்த மோரில் சட்டத்தின்கீழ்ப் பிறந்த பல்கலைக்கழகம். ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லும் முதல் விஷயம் விண்வெளி. இங்கே படித்து விண்வெளிக்குப் போனவர்கள் இருபது பேருக்கும் மேல். அவர்களில் தலைமகன் நீல் ஆம்ஸ்ட்ராங். 1955இல் இங்கே பட்டம் பெற்றவர். அவர் பெயரில் 2007இல் திறக்கப்பட்ட கட்டடத்துக்கு முன்னால் அவருடைய வெண்கலச் சிலை இருக்கிறது. விண்வெளி உடையைத் தேடினால் ஏமாற்றம்தான். சாதாரண மேல்சட்டை அணிந்த கல்லூரி மாணவனாக உட்கார்ந்திருக்கிறார். சற்றுத் தள்ளி, நிலவில் பதிந்த காலணித் தடங்களைப்போலவே அச்செடுத்துத் தரையில் பதித்திருக்கிறார்கள். அந்தத் தடங்களின் இடைவெளிக்கு ஏற்ப நடக்கப் பார்த்தால் தாவத்தான் வேண்டும்.

ஆம்ஸ்ட்ராங்கைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்தது 1969. நிலவிலிருந்து திரும்பியவர் நாசாவை விட்டு விலகி 1971 முதல் 1979 வரை சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் வான்பொறியியல் பேராசிரியராக வகுப்பெடுத்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. உலகத்தில் எந்த வேலையையும் கேட்டு வாங்கியிருக்கக்கூடிய மனிதர் கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றார். பொறியியல் கல்விக்கென்றே அமைந்த துறை, அவர் பெயர் தாங்கிய கட்டடத்தில்தான் இயங்குகிறது என்பது பொருத்தமாகவே இருக்கிறது.

அந்தத் துறை 2004இல் தொடங்கியது. உலகத்தில் அந்த வகையில் முதல் துறை என்று பர்டூ சொல்லிக்கொள்கிறது. அதே ஆண்டில் வர்ஜீனியா டெக்கிலும் ஒன்று தொடங்கப்பட்டது. முதலாண்டு மாணவர்களுக்கென்று பர்டூவில் 1953 முதல் இருந்துவந்த துறைதான் இதற்கு அடித்தளம். நம் ஊரில் கவுன்சலிங் அன்றைக்கே மெக்கானிக்கலா, கம்ப்யூட்டரா என்று பதினேழு வயதுப் பிள்ளை முடிவெடுத்தாக வேண்டும். இங்கே சேர்கிறவர்கள் முதல் ஆண்டைப் பொதுவாகப் படித்துவிட்டுத்தான் பிரிவு தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த முதலாண்டு வகுப்புகளை நடத்தும் துறையே பொறியியல் கற்பித்தலைப் பற்றிப் பிஎச்.டி. ஆராய்ச்சியும் செய்ய வைக்கிறது. வெப்பத்தையும் வெப்பநிலையையும் மாணவர்கள் ஏன் ஒன்றாகவே நினைக்கிறார்கள், நான்கு பேர் சேர்ந்து செய்யும் புராஜெக்டில் ஒருவர் ஏன் எப்போதும் அறிக்கை எழுதும் வேலைக்கே தள்ளப்படுகிறார் போன்ற கேள்விகள் இங்கே ஆய்வேடுகளாகின்றன.

ஆனால் துறை வருவதற்கு 21 ஆண்டுகள் முன்பே விதை விழுந்திருந்தது. 1983இல் வேதிப்பொறியியல் பேராசிரியர் பிலிப் வான்கட், பிஎச்.டி. மாணவர்களுக்கென்று ஒரு வகுப்பைத் தொடங்கினார். பாடம்: கல்லூரியில் பொறியியலை எப்படிச் சொல்லிக்கொடுப்பது. கேள்வித்தாள் எப்படி அமைப்பது, ஒரு மாணவர் காப்பியடித்தால் என்ன செய்வது, 50 நிமிடத்தை எப்படிப் பகிர்வது என்பதெல்லாம் பாடத்திட்டத்தில் வந்தன. ஃபிராங்க் ஓரியோவிச்சுடன் சேர்ந்து அந்த வகுப்பை அவர் புத்தகமாக்கினார். 1993இல் வெளிவந்த 'டீச்சிங் எஞ்சினியரிங்' அதுதான். 2015இல் வந்த இரண்டாம் பதிப்பைப் பர்டூ பல்கலைக்கழக அச்சகம் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கும்படி வைத்திருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேரும் ஒவ்வொரு உதவிப் பேராசிரியரும் கையில் வைத்திருக்க வேண்டிய புத்தகம். நம் ஊர் லெக்சரர்களுக்கும்தான்.

இத்தனை இருந்தும் மாணவர் கிளை எதற்கு என்று கேட்கலாம். காரணம் எளிது. பொறியியல் பிஎச்.டி. என்பது ஆராய்ச்சிப் பயிற்சி. ஐந்தாறு ஆண்டு ஆய்வகத்தில் கழியும். ஆசிரியராகப் போகிறவர் கடைசிவரை ஒரு முழு வகுப்பைத் தனியாக நடத்தாமலேயே பட்டம் வாங்கிவிட முடியும். வழிகாட்டிப் பேராசிரியருக்குக் கட்டுரைகள் முக்கியம். கம்பெனிகள் நல்ல சம்பளத்தோடு வாசலில் நிற்கின்றன. ஆசிரியப் பணி என்றால் என்ன, அதற்கு எப்படி விண்ணப்பிப்பது, அது தனக்கு ஒத்துவருமா என்று கேட்க ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை மாணவர்களே உருவாக்கிக்கொண்டார்கள். பர்டூ, மிச்சிகன் போன்ற பல்கலைக்கழகங்களில் ஏ.எஸ்.இ.இ. மாணவர் கிளைகள் இப்படித்தான் இயங்குகின்றன. பர்டூவின் பொறியியல் கல்வித் துறையில் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கென்று தனிச் சங்கமும் உண்டு. ஒரு தலைவர், ஒரு செயலாளர், பீட்சாவுக்குக் கொஞ்சம் பணம், ஆலோசகராக ஒரு பேராசிரியர். பெரிய ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை.

இத்தகைய மாலைக் கூட்டம் ஒன்றின் போக்கு பெரும்பாலும் இப்படி இருக்கும். ஏழெட்டுப் பேர் ஒரு சிறிய வகுப்பறையில் உட்காருவார்கள். ஒருவர் எழுந்து போய்ப் பலகைக்கு முன்னால் நிற்பார். அவருக்குப் பத்து நிமிடம். சுவரில் சாய்த்து வைத்த ஏணி சறுக்குமா, நிற்குமா என்ற பழைய கணக்கை எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏணியை வரைவார், அம்புக்குறிகள் போடுவார், சமன்பாடுகள் விறுவிறுவென்று இறங்கும். முன்வரிசையில் இருக்கும் தோழி இரண்டாமாண்டு மாணவியாக மாறி, "சுவர் தள்ளுகிற விசை ஏன் நேராக வெளியேதான் வர வேண்டும்? ஏன் சாய்வாக வரக்கூடாது?" என்பாள். பலகைக்காரர் ஒரு கணம் திகைப்பார். சுவர் வழவழப்பானது, உராய்வு இல்லை என்று தான் மனத்துக்குள் வைத்துக்கொண்டதை வாயால் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைக்கும்.

பிறகு குறைகளை எடுத்துச் சொல்லும் நேரம். பலகையைப் பார்த்தே மூன்று நிமிடம் பேசினாய். 'புரிகிறதா' என்று கேட்டாய், பதில் வருவதற்குள் அடுத்த வரிக்குப் போய்விட்டாய். இதில் கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமில்லை. கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்பதை மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே கண்டுபிடித்தார். அதை மூன்று நொடியாக நீட்டினாலே பதில்கள் நீளமாகின்றன, பேசாத பிள்ளைகளும் வாய் திறக்கிறார்கள். மூன்று நொடி மௌனத்தைத் தாங்கப் பழகுவதற்கு ஒரு மாணவர் சங்கம் உதவுகிறது என்றால், அது மிகப் பெரிய உதவி.

இன்னொரு கூட்டம் காகிதங்களைப் பற்றியது. அமெரிக்காவில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பம் என்பது ஒரு கட்டு. தன்விவரம், கடிதம், ஆராய்ச்சித் திட்டம், பரிந்துரைக் கடிதங்கள். இவற்றோடு, ஒன்றிரண்டு பக்கத்தில் தன் கற்பித்தல் கொள்கை என்ன என்ற அறிக்கையும் கேட்பார்கள். இலையுதிர்காலத்தில் விளம்பரங்கள் வரும். தேர்வானவர்களைப் பெரும்பாலும் ஆண்டின் தொடக்க மாதங்களில் நேரில் அழைப்பார்கள். அந்த நேர்காணல் ஒன்றிரண்டு நாள் நீளும். காலைச் சிற்றுண்டி முதல் இரவு உணவுவரை யாராவது ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார். நடுவில் ஒரு மணி நேரச் சொற்பொழிவு, சில இடங்களில் மாதிரி வகுப்பு. வேலை கிடைத்தாலும் அது நிரந்தரமாகுமா என்று தெரிய சுமார் ஆறு ஆண்டுகள் ஆகும். இவ்வளவையும் பாடப்புத்தகம் சொல்லாது. போன ஆண்டு போய் வந்தவர்தான் சொல்ல வேண்டும். அவரைப் பிடித்து உட்காரவைப்பது கிளையின் வேலை.

கற்பித்தல் அறிக்கையை முதல்முறை எழுதுகிறவர்களுடைய வாக்கியங்கள் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும். மாணவர்கள்மேல் எனக்கு அக்கறை உண்டு, ஆர்வத்தோடு கற்பிப்பேன் என்று. மூத்த மாணவரின் பென்சில் ஓரத்தில் கேட்கும்: எந்த வகுப்பில்? என்ன செய்தாய்? அதனால் என்ன ஆயிற்று? மூன்று முறை திருப்பி எழுதிய பிறகு அந்தப் பக்கத்தில் ஓர் ஆசிரியர் தென்படத் தொடங்குவார்.

கிளைகளுக்கு வெளியிலும் வழிகள் இருக்கின்றன. ஏ.எஸ்.இ.இ. ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் பெரிய மாநாடு நடத்துகிறது. அதில் மாணவர்களுக்கென்றே ஒரு பிரிவு. 1993 முதல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 'வருங்கால ஆசிரியர்களைத் தயார்படுத்துதல்' என்ற திட்டம் ஓடுகிறது. ரிச்சர்ட் ஃபெல்டர், ஜேம்ஸ் ஸ்டைஸ் முதலியவர்கள் 1991இல் தொடங்கிய கற்பித்தல் முகாம், ஏற்கெனவே பேராசிரியராக இருப்பவர்களையும் மறுபடி மாணவர்களாக்கி உட்காரவைத்தது. எல்லாம் நல்லவை. ஆனால் மாநாடு ஆண்டுக்கு ஒருமுறை, முகாம் சில நாள். மாலையில் ஏழு பேர் கூடும் அறை மட்டும்தான் நடைதூரத்தில் இருக்கிறது.

இதற்கெல்லாம் பலன் உண்டா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2014இல் ஸ்காட் ஃபிரீமன் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. ஆசிரியர் மட்டுமே பேசும் வகுப்பில் தோற்றவர்கள் சராசரியாக நூற்றுக்கு 34 பேர். மாணவர்களையும் செய்ய வைக்கும் வகுப்பில் 22 பேர். பாடம் ஒன்றுதான், நடத்தும் விதம்தான் வேறு. இந்தப் பன்னிரண்டு பேர் எந்த ஊரிலும் உண்டு. அரியர் வைத்துவிட்டு, 'எனக்கு மண்டையில் ஏறாது' என்று தன்னையே திட்டிக்கொண்டு, கடைசியில் படிப்பையே விட்டவர்களைத் தமிழ்நாட்டில் யாருக்குத்தான் தெரியாது?

பர்டூ வளாகத்தை விட்டுக் கிளம்புமுன் இன்னும் இரண்டு பெயர்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும். 1935இல் இந்தப் பல்கலைக்கழகம் விமானி அமீலியா ஏர்ஹார்ட்டை அழைத்து வந்தது. மாணவிகளுக்கு வேலை வாழ்க்கையைப் பற்றி ஆலோசனை சொல்ல. அதே ஆண்டில் லிலியன் கில்பிரெத் இங்கே பேராசிரியரானார். பர்டூவின் முதல் பெண் பொறியியல் பேராசிரியர் அவர்தான். நம்மைப் போன்ற ஒருவர் அந்த இடத்தில் நிற்பதைக் கண்ணால் பார்த்தால்தான் நாமும் அங்கே நிற்கலாம் என்ற எண்ணம் வருகிறது. ஆசிரியப் பணிக்கு ஆள் சேர்க்கிற எல்லா முயற்சிக்கும் இதுதான் அடிப்படை.

கடல் தாண்டியும் இந்த எண்ணம் பரவியிருக்கிறது. 2006இல் ரியோ டி ஜெனிரோவில் கூடிய பல நாட்டு மாணவர்கள், பொறியியல் கல்வியைப் பற்றிப் பேச மாணவர்களுக்கும் ஒரு மேடை வேண்டும் என்று ஸ்பீட் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். உலகப் பொறியியல் கல்வி மாநாட்டையொட்டி அவர்களுடைய மாணவர் கூட்டமும் நடக்கும். அந்த மாநாடு 2019 நவம்பரில் சென்னைக்கே வந்தது.

சென்னையில் இதற்கு அடித்தளம் இல்லாமலும் இல்லை. தொழில்நுட்ப ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் நிறுவனம் 1964 முதல் இங்கே இயங்குகிறது; இன்று அது தரமணியில் இருக்கிறது. 1941இல் முதல்வர்களின் சங்கமாகத் தொடங்கி 1968இல் ஐ.எஸ்.டி.இ. என்று பெயர் மாறிய இந்தியத் தொழில்நுட்பக் கல்விச் சங்கத்துக்கு நம் கல்லூரிகள் பலவற்றில் மாணவர் கிளை உண்டு. அறிவிப்புப் பலகையில் அதன் பெயர் இருக்கும். சிம்போசியம் நடத்துவார்கள், பிளேஸ்மென்ட் பேச்சாளரை அழைப்பார்கள். ஆசிரியராவது எப்படி என்று ஒரு மாலையை ஒதுக்கிய கிளைகள் மிகக் குறைவு. நூற்றுக்கணக்கான பொறியியல் கல்லூரிகள் உள்ள மாநிலத்தில், வேறு வேலை கிடைக்காதவர்களே லெக்சரராக வருகிறார்கள் என்ற பேச்சு ஊன்றிப் போனதற்கு இந்த வெறுமையும் ஒரு காரணம்.

கிளை வைத்திருக்கும் மாணவர்களே, அடுத்த செமஸ்டரில் ஒரே ஒரு மாலையை இதற்குக் கொடுங்கள். உங்களுக்குப் பாடம் நன்றாக நடத்தும் மேடமையோ சாரையோ அழைத்து, அவர் எப்படி இந்த வேலைக்கு வந்தார் என்று கேளுங்கள். பிறகு மூன்றாமாண்டு மாணவர் ஒருவரிடம் சாக்பீஸைக் கொடுத்துப் பத்து நிமிடம் பேசவிடுங்கள். அவர் கேள்வி கேட்டால், பதில் வர மூன்று நொடி காத்திருக்கச் சொல்லுங்கள்.